எதிர்க்கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடுவது எப்படி?

மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. அமெரிக்காவின் டெக்சாஸில் பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முன்தேர்தல். ஏதோ ஒரு பள்ளிக்கூட ஜிம்மில் வாக்குச்சாவடி. மேசைக்குப் பின்னால் இருப்பவர் உங்கள் டிரைவிங் லைசென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டு வேண்டும்? போன தடவை யாருக்குப் போட்டீர்கள், நீங்கள் எந்தக் கட்சிக்காரர் என்றெல்லாம் அங்கே பேச்சு இல்லை. வாயைத் திறந்து எந்தக் கட்சியைச் சொல்கிறீர்களோ அந்தச் சீட்டு உங்கள் கைக்கு வரும்.

ஜூன் மாதம் நியூயார்க்கில் இதே மாதிரி ஒரு மேசை முன்னால் நின்றால் அந்தக் கேள்வியே எழாது. உங்கள் பெயருக்கு நேரே கட்சி ஏற்கெனவே பதிவாகியிருக்கும். அதை மாற்ற நினைத்திருந்தால் பிப்ரவரி 14-க்குள் மாற்றியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு கொடுக்கும் விண்ணப்பம் ஜூன் பிரைமரி முடியும்வரை தூங்கும்.

ஆகவே எதிர்க்கட்சியின், அதாவது தன் கட்சி அல்லாத மாற்றுக் கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது காலண்டரை. வேட்பாளர் யார் எவர் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எதற்காக இந்த வேலை?

நம் ஊரில் வேட்பாளர் பட்டியலைக் கட்சித் தலைமை வெளியிடும். தொகுதி யாருக்கு என்பது நேர்காணலிலும் கூட்டணிப் பேச்சிலும் முடிவாகிவிடும். அமெரிக்காவில் அந்த வேலை வாக்காளர் கையில் இருக்கிறது. நவம்பர் பொதுத்தேர்தலில் கட்சியின் சார்பில் யார் நிற்பது என்று பல மாதங்களுக்கு முன்பே ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். அதுதான் பிரைமரி.

பல இடங்களில் நவம்பர் வெறும் சடங்கு. டெக்சாஸின் கிராமப்புறக் கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பலவற்றில் குடியரசுக் கட்சியின் மார்ச் பிரைமரியில் ஜெயித்தவர்தான் ஷெரிஃப் என்ற காவல் தலைவர். நியூயார்க் நகரத்தில் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் ஜூன் பிரைமரியில் ஜெயித்தவர்தான் மேயர். அப்படிப்பட்ட இடத்தில் சிறுபான்மைக் கட்சிக்காரராக இருந்துகொண்டு தன் கட்சிச் சீட்டையே வாங்குகிறவர், போட்டியே இல்லாத பெயர்களுக்கு நேரே புள்ளி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். எதிர்க்கட்சிச் சீட்டை வாங்குகிறவருக்குத் தன்னை ஆளப்போகிறவரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பங்கு கிடைக்கிறது.

இது கள்ள ஓட்டு அல்ல. மாநிலச் சட்டம் அனுமதிக்கும் வழியில் போட்டால் முழுக்கச் சட்டபூர்வமானது. ஒரே பிரைமரியில் இரண்டு கட்சிக்கும் போடுவதுதான் குற்றம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கிரீன் கார்டு, ஹெச்-1பி, எஃப்-1 என்று எந்த விசாவில் இருந்தாலும் இந்தப் பேச்சு உங்களுக்கு இல்லை. டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போகும்போது 'வாக்காளராகப் பதிவு செய்யட்டுமா' என்று கேட்பார்கள். குடிமகன் என்ற கட்டத்தில் கை தவறி டிக் போட்டு வாக்காளர் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில் 'எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்தீர்களா' என்ற கேள்வியில் அது வந்து நிற்கும். நாடு கடத்தும் அளவுக்குப் போகக்கூடிய விஷயம். குடியுரிமை உறுதிமொழி எடுத்த பிறகுதான் பதிவு. அதற்கு ஒரு நாள் முன்னால்கூடக் கூடாது.

உங்கள் மாநிலம் எந்த வகை?

பாடப்புத்தகத்தில் திறந்த பிரைமரி, மூடிய பிரைமரி என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். நடைமுறையில் இந்தப் பிரிவு போதாது. கட்சி தாண்ட நினைப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: என் கட்சி எங்கே, எப்போது எழுதப்படுகிறது?

சில மாநிலங்களில் எங்குமே எழுதப்படுவதில்லை. மிச்சிகன், விஸ்கான்சின், மினசோட்டாவில் ஆகஸ்ட் பிரைமரிக்குப் போனால் எல்லாக் கட்சிகளும் ஒரே சீட்டில் பத்தி பத்தியாக அச்சாகியிருக்கும். திரைக்குப் பின்னால் நின்று எந்தப் பத்தியில் புள்ளி வைத்தீர்கள் என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வெர்மான்ட்டில் எல்லாக் கட்சிச் சீட்டையும் கையில் கொடுத்துவிடுவார்கள்; ஒன்றை நிரப்பிப் போட்டுவிட்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கட்சி தாண்ட இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. ஆனால் ஜனாதிபதி பிரைமரி என்றால் மிச்சிகனிலும் மினசோட்டாவிலும் கதை வேறு. அங்கே எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும், அது பதிவாகும்.

டெக்சாஸ், ஜார்ஜியா, விர்ஜீனியா, தென் கரோலினா, ஒஹாயோ, இல்லினாய், இந்தியானா போன்ற இடங்களில் மேசையில் கேட்கும்போது சொன்னால் போதும். நீங்கள் எந்தச் சீட்டு வாங்கினீர்கள் என்பது பதிவேட்டில் ஏறும். யாருக்குப் போட்டீர்கள் என்பது ஏறாது.

மாசசூசெட்ஸ், வட கரோலினா, நியூ ஹாம்ப்ஷயர், கொலராடோ, நியூ ஜெர்ஸி ஆகியவை நடுவாந்தரம். எந்தக் கட்சியிலும் சேராதவர் விரும்பிய பக்கம் போகலாம். கட்சியில் பதிந்தவர் தாண்ட முடியாது. இந்த மாநிலங்களில் இருப்பவர்களுக்கு எங்கள் யோசனை எப்போதும் ஒன்றுதான்: கட்சிப் பதவி எதிலும் இல்லை என்றால் சேராதவராகவே இருந்துவிடுங்கள். கதவு இரண்டு பக்கமும் திறந்திருக்கும்.

மூடிய மாநிலங்களான நியூயார்க், பென்சில்வேனியா, புளோரிடா, கென்டக்கி, மேரிலாண்ட் ஆகியவற்றில் பெயரையே அந்தக் கட்சியில் மாற்றிக்கொள்ள வேண்டும். வேறு வழி இல்லை.

கலிபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் மாநிலப் பதவிகளுக்கும் காங்கிரஸ் என்ற அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் எல்லா வேட்பாளர்களும் ஒரே சீட்டில். கட்சி பேதம் இல்லாமல் முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள். அலாஸ்காவில் முதல் நான்கு பேர். அங்கே 'தாண்டுவது' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஜனாதிபதி பிரைமரி வந்துவிட்டால் கலிபோர்னியாவும் கட்சி கேட்கும். கட்சி சேராதவருக்குத் தபாலில் வரும் சீட்டில் ஜனாதிபதி பந்தயமே இருக்காது. ஜனநாயகக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். குடியரசுக் கட்சியோ தன் உறுப்பினருக்கு மட்டும்தான் கொடுக்கிறது. இதில் பழைய பொறி ஒன்று உண்டு. அந்த மாநிலத்தில் 'அமெரிக்கன் இண்டிபெண்டன்ட்' என்ற பெயரில் ஒரு கட்சியே இருக்கிறது. சுயேச்சை என்று நினைத்து அந்தக் கட்டத்தில் டிக் போட்டவர்கள் ஏராளம். உங்கள் பதிவில் 'கட்சி விருப்பம் இல்லை' என்று இருக்கிறதா, அந்தக் கட்சியின் பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கெடு தேதிகள்

நாலு மாநிலத்தில் நாலு விதம். நியூயார்க்குக்கு பிப்ரவரி 14 என்று மேலே சொன்னோம். கட்சி சேராதவர் முதன்முறையாகக் கட்சியில் சேர்வதற்கும் அதே நாள்தான் கெடு. புதிதாக வாக்காளராகப் பதிபவருக்கு மட்டும்தான் இந்தக் கட்டுப்பாடு இல்லை. கென்டக்கி இன்னும் கறார்: முந்தைய ஆண்டு டிசம்பர் 31. மே மாதப் பிரைமரிக்குப் புத்தாண்டுக்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். புளோரிடாவில் பிரைமரிக்கு 29 நாள் முன்பு, மேரிலாண்டில் 21 நாள், பென்சில்வேனியாவில் 15 நாள். நியூ ஜெர்ஸியில் ஒரு கட்சியிலிருந்து இன்னொன்றுக்கு மாற 55 நாள் முன்பே படிவம் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் எந்தக் கட்சியிலும் இல்லாதவர் அன்றைக்கே மேசையில் சொல்லிக்கொள்ளலாம். ஓக்லஹோமாவில் இரட்டைப்படை ஆண்டுகளில் ஏப்ரல் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை கட்சி மாற்றவே முடியாது. இதற்கெல்லாம் எதிர்க்கோடியில் அயோவா: பிரைமரி அன்று சாவடியிலேயே படிவம் நிரப்பிக் கட்சி மாறலாம்.

நியூயார்க்கின் கெடு முன்பு இன்னும் கொடுமையாக இருந்தது. 2016 ஏப்ரல் பிரைமரிக்கு 2015 அக்டோபரிலேயே கட்சி மாறியிருக்க வேண்டும். டிரம்பின் பிள்ளைகள் இவாங்காவும் எரிக்கும் அந்தத் தேதியைக் கோட்டை விட்டதால் சொந்த அப்பாவுக்கே பிரைமரியில் ஓட்டுப் போட முடியவில்லை.

சட்டங்கள் அடிக்கடி மாறுகின்றன, அதுவும் இந்த விஷயத்தை ஒட்டியே மாறுகின்றன. வயோமிங்கில் 2022 வரை பிரைமரி நாளன்றே கட்சி மாறலாம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 16-ல் குடியரசுக் கட்சியின் காங்கிரஸ் வேட்பாளர் இடத்துக்காக, டிரம்பை எதிர்த்த லிஸ் செனிக்கும் டிரம்ப் ஆதரித்த ஹாரியட் ஹேக்மனுக்கும் நடந்த போட்டியில், ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கட்சி மாறி ஓட்டுப் போடுவது எப்படி என்று செனியின் பிரசார இணையதளத்திலேயே வழிமுறை போட்டிருந்தார்கள். பலர் மாறினார்கள், அப்படியும் ஏறத்தாழ 66-க்கு 29 சதவீதம் என்று ஹேக்மன் ஜெயித்தார். அடுத்த ஆண்டே சட்டசபை அந்தக் கதவைச் சாத்திவிட்டது. இப்போது மே மாதம் வேட்புமனுத் தாக்கல் தொடங்கிவிட்டால் பிரைமரி முடியும்வரை கட்சி மாற்றம் கிடையாது. மூன்று ஆண்டுக்கு முன்பு நண்பர் சொன்ன தேதியை நம்பிப் போகாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்வது. உங்கள் கவுண்டித் தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் போட்டுத் தேடினால் பதிவு விவரம் வரும். 'கட்சி' என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பிரைமரிக்கு மூன்று மாதம் முன்பே பார்த்துவிடுங்கள். மாற்றக் கோரினால், ஒரு வாரம் கழித்து அதே பக்கத்தைத் திறந்து மாறிவிட்டதா என்று பாருங்கள். படிவம் கொடுத்த கையோடு மறந்துவிடுகிறவர்கள்தான் சாவடியில் போய்த் தகராறு செய்கிறார்கள்.

விலை என்ன?

பிரைமரியில் ஒரே ஒரு சீட்டுதான். கவர்னருக்காக எதிர்க்கட்சிச் சீட்டை வாங்கினால், உங்கள் கட்சியில் நடக்கும் மாவட்ட வழக்கறிஞர், கவுண்டி கமிஷனர், மாநில சட்டசபை உறுப்பினர் போட்டிகள் எல்லாம் கையை விட்டுப் போகும். பள்ளி வரி, சாலை, வழக்குத் தொடுப்பது என்று தினசரி வாழ்க்கையைத் தொடும் பதவிகள் இவை. எனவே முதல் நாள் இரவே இரண்டு கட்சியின் மாதிரிச் சீட்டையும் தேர்தல் அலுவலகத் தளத்திலிருந்து இறக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். போட்டியே இல்லாத வரிகளை அடித்துவிடுங்கள். உண்மையான போட்டி எந்தச் சீட்டில் அதிகம் மிச்சமிருக்கிறதோ அதுதான் உங்களுக்கு லாபமான சீட்டு. பத்து நிமிட வேலை. தொலைக்காட்சியில் அலறும் ஒரே ஒரு பந்தயத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாண்டுகிறவர்கள் இதைச் செய்வதில்லை.

ரன்-ஆஃப் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். டெக்சாஸில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால் மே மாதத்தின் நான்காம் செவ்வாய் மறுசுற்று. மார்ச்சில் எந்தக் கட்சியோ மேயிலும் அதே கட்சிதான். மார்ச்சில் எதிலும் போடாதவருக்கு மட்டும் மேயில் இரண்டில் எதுவும் திறந்திருக்கும். சில ஆண்டுகளில் இதுவே நல்ல உத்தி: இரு பக்கமும் மார்ச்சில் கூட்டம் அலைமோதும்போது சும்மா இருந்துவிட்டு, மேயில் இருவர் மட்டும் மிஞ்சும்போது போய்ப் போடுவது. ஓட்டு குறைவாக விழும் சுற்று என்பதால் ஒவ்வொன்றுக்கும் கனம் அதிகம். அலபாமாவில் 2017 முதலும் மிசிசிப்பியில் அதற்கு முன்பிருந்தும் இதே மாதிரி மறுசுற்றுத் தடை உண்டு.

மிசிசிப்பி என்றதும் 2014 நினைவுக்கு வரும். ஜூன் 3 பிரைமரியில் செனட்டர் தாட் காக்ரன், சக குடியரசுக் கட்சிக்காரர் கிறிஸ் மக்டேனியலுக்குக் கொஞ்சம் பின்தங்கினார். ஜூன் 24 மறுசுற்றுக்கு முன் காக்ரன் தரப்பு, முதல் சுற்றில் ஓட்டே போடாதிருந்த கறுப்பின ஜனநாயக வாக்காளர்களிடம் நேரடியாகப் போய்க் கேட்டது. அவர்கள் வந்தார்கள்; காக்ரன் சில ஆயிரம் ஓட்டில் தப்பினார். முதல் சுற்றில் ஜனநாயகக் கட்சிச் சீட்டு வாங்கியவரால் இதைச் செய்திருக்க முடியாது. சும்மா இருந்தவர்களால்தான் முடிந்தது.

சாவடியில், டெக்சாஸ் உதாரணம்

பதிவு 30 நாள் முன்பே முடிந்திருக்க வேண்டும். கட்சி கேட்கும் கட்டமே அந்தப் படிவத்தில் இல்லை. முன்கூட்டிய வாக்குப்பதிவு நாட்களில் கவுண்டியில் எந்தச் சாவடிக்கும் போகலாம். தேர்தல் நாளன்று கவனம் தேவை: சில கவுண்டிகளில் இரு கட்சிகளும் சேர்ந்து ஒரே இடத்தில் நடத்தும், சில இடங்களில் கட்சிக்குக் கட்சி சாவடியே வேறு. நீங்கள் வாங்கப்போகும் சீட்டின் கட்சி எங்கே நடத்துகிறது என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

அடையாள அட்டையாக டெக்சாஸ் லைசென்ஸ், அமெரிக்க பாஸ்போர்ட், புகைப்படம் உள்ள குடியுரிமைச் சான்றிதழ் இவற்றில் ஒன்று போதும். வேட்பாளர் பெயர் போட்ட டீ-ஷர்ட்டோ தொப்பியோ வேண்டாம். 100 அடிக்குள் விடமாட்டார்கள். அதே எல்லைக்குள் செல்போனும் எடுக்கக் கூடாது. எதிர்க்கட்சிச் சீட்டில் பாதிப் பெயர்கள் உங்களுக்குத் தெரியாதவையாக இருக்கும், போனைப் பார்த்துப் போடலாம் என்ற நினைப்பு அங்கே நடக்காது. யார் யாருக்கு என்று ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப் போங்கள். காகிதத்துக்குத் தடை இல்லை.

கட்சியின் பெயரைத் தெளிவாக, முழுதாகச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் திரையிலோ பதிவேட்டிலோ எந்தக் கட்சி என்று தெரிகிறதா பாருங்கள். சீட்டு கைக்கு வந்ததும் தலைப்பைப் படியுங்கள். தவறான கட்சி என்றால் அப்போதே சொல்ல வேண்டும். ஸ்கேனர் சீட்டை விழுங்கிவிட்டால் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். சீட்டின் கடைசியில் கட்சி சில கேள்விகளைப் போட்டிருக்கும்: இந்தச் சட்டம் வேண்டுமா, அந்த வரி வேண்டாமா என்று. அவை கட்சிக்காரர்களின் நாடி பார்க்கும் கேள்விகள், சட்டமாகாது. எதிர்க்கட்சிக்காரராகப் போய் அவற்றைப் படித்துக் கடுப்பாகாமல் காலியாக விட்டுவிடலாம். மற்ற ஓட்டுகள் செல்லும்.

65 வயது நிரம்பியவர்கள் தபாலில் போடலாம். விண்ணப்பத்திலேயே எந்தக் கட்சிப் பிரைமரி என்ற கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் பிரைமரிச் சீட்டு வராது. அப்பா அம்மாவுக்கு நிரப்பிக் கொடுக்கிறவர்கள் வழக்கமாக விட்டுவிடும் கட்டம் அதுதான்.

சீட்டு செல்லாமல் போகும் இடங்கள்

பத்தி பத்தியாக அச்சடித்த மிச்சிகன் சீட்டில் கவர்னருக்கு ஒரு பத்தியிலும் காங்கிரசுக்கு இன்னொரு பத்தியிலும் புள்ளி வைத்தால் கட்சிப் பகுதி முழுவதும் செல்லாது. சாவடியில் என்றால் எந்திரம் எச்சரிக்கும், புதுச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் உட்கார்ந்து நிரப்பித் தபாலில் அனுப்பியவருக்கு எச்சரிக்க ஆள் இல்லை. இரு கட்சியிலும் பிடித்தவர் ஒவ்வொருவர் இருக்கும்போதுதான் கை தவறும். எந்தப் பத்தி என்பதை முதலில் முடிவு செய்து, மற்றப் பத்தியை ஒரு தாளால் மூடிக்கொண்டு நிரப்புவது நல்லது. விஸ்கான்சினிலும் கலந்து போட முடியாது. அங்கே மேலே கட்சி விருப்பம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டால் கை தவறி வேறு பத்தியில் வைத்த புள்ளியைக் கண்டுகொள்ளாமல் அந்தக் கட்சிக்குரிய ஓட்டுகளை மட்டும் எண்ணுவார்கள். ஆகையால் அந்தக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள்.

கொலராடோவில் கட்சி சேராதவருக்கு ஒரே உறையில் இரண்டு கட்சிச் சீட்டும் தபாலில் வரும். ஒன்றை மட்டும் நிரப்பி அனுப்ப வேண்டும். இரண்டையும் நிரப்பி அனுப்பினால் இரண்டுமே குப்பைக்கு. உறையைப் பிரித்ததும் வேண்டாத சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவதே உத்தமம். வாஷிங்டனில் ஜனாதிபதி பிரைமரிக்கு உறையின் வெளிப்பக்கம் கட்சிக் கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். உறையில் ஒரு கட்சி, உள்ளே சீட்டில் இன்னொரு கட்சி என்றால் எண்ணமாட்டார்கள்.

புளோரிடாவின் வினோதம் தனி. ஒரு பதவிக்கு நிற்கும் எல்லோரும் ஒரே கட்சி, நவம்பரில் வேறு போட்டியாளர் இல்லை என்றால், அந்தப் பிரைமரி எல்லா வாக்காளருக்கும் திறந்துவிடும். மாநில அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் சீட்டில் பெயரே அச்சாகாத, பெயரை எழுதிப் போட வேண்டிய வேட்பாளர் ஒருவர் மனுப் போட்டுவிட்டால் 'போட்டி இருக்கிறது' என்று ஆகிக் கதவு மூடிக்கொள்ளும். தங்களுக்குச் சாதகமாகப் பிரைமரியை மூடுவதற்கென்றே இப்படி ஆளை நிறுத்துவதாகப் புகார் கிளம்பாத தேர்தல் அங்கே குறைவு. கட்சி மாற்றாமலே போடலாம் என்று நம்பியிருந்தவர்கள் மனுத்தாக்கல் கடைசி நாளன்று ஏமாறுவார்கள்.

உறுதிமொழி, தட்டி, மிரட்டல்

இந்தியானாவில் சட்டம் சொல்வது: போன பொதுத்தேர்தலில் இந்தக் கட்சியின் வேட்பாளர்களுக்குப் பெரும்பான்மையாகப் போட்டிருக்க வேண்டும், அல்லது அடுத்த பொதுத்தேர்தலில் போட எண்ணியிருக்க வேண்டும். ரகசிய வாக்கெடுப்பில் இதை யாராலும் சரிபார்க்க முடியாது. ஆனால் அதே வட்டார வாக்காளர் ஒருவர் ஆட்சேபித்தால் நீங்கள் எழுத்துமூலம் உறுதி தர வேண்டும். ஒஹாயோவிலும் ஆட்சேபம் எழுந்தால் கையெழுத்துதான். டென்னஸியில் 2023 முதல் சாவடிகளில் பெரிய எழுத்தில் தட்டியே வைக்கிறார்கள்: கட்சியோடு சேரும் உண்மையான எண்ணம் இல்லாமல் அதன் பிரைமரியில் போடுவது சட்டமீறல் என்று.

நடைமுறையில் இவற்றுக்காகத் தண்டனை விழுவது அபூர்வம். 2008-ல் வானொலிக்காரர் ரஷ் லிம்பா 'ஆபரேஷன் கேயாஸ்' என்று பெயர் வைத்து, ஜனநாயகக் கட்சிச் சண்டை நீளட்டும் என்று குடியரசுக் கட்சி நேயர்களை ஹிலாரி கிளின்டனுக்கு ஓட்டுப் போடச் சொன்னார். இந்தியானாவில் ஹிலாரி மயிரிழையில் ஜெயித்தார். லிம்பாவின் பேச்சு எத்தனை ஓட்டை நகர்த்தியது என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. ஒபாமாதான் வேட்பாளர் ஆனார். அப்படியிருந்தும் ஒரு கோடு உண்டு. மேசையில் கட்சியின் பெயரைச் சொல்லிச் சீட்டு வாங்குவது ஒன்று. பொய்யான உறுதிமொழியில் கையெழுத்திடுவது வேறு. அடுத்த தேர்தலில் அந்த வேட்பாளரை ஆதரிக்கும் எண்ணம் உங்களுக்குத் துளியும் இல்லையென்றால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உங்கள் கட்சிச் சீட்டைக் கேளுங்கள்.

யாருக்குப் போடுவது?

தாண்டுகிறவர்கள் இரண்டு விதம். எதிர்க்கட்சி ஜெயித்தாலும் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஆள் வரட்டும் என்று போடுகிறவர்கள் ஒரு விதம். நவம்பரில் தோற்கடிக்க எளிதாக இருக்கும் சொத்தை ஆளை நிறுத்திவிடலாம் என்று போடுகிறவர்கள் இன்னொரு விதம். இரண்டாவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை, நியாய அநியாயம் ஒருபுறம் இருக்கட்டும், கணக்கே உதைக்கும். 1966-ல் கலிபோர்னியாவின் ஜனநாயகக் கட்சி கவர்னர் பேட் பிரவுனின் ஆட்கள், குடியரசுக் கட்சிப் பிரைமரியில் நின்ற ஜார்ஜ் கிறிஸ்டோபரைவிட அவரை எதிர்த்து நின்ற ஒரு நடிகரைத் தோற்கடிப்பது சுலபம் என்று கணக்குப் போட்டு, பிரைமரியின்போது கிறிஸ்டோபருக்கு எதிரான பழைய சமாச்சாரங்களைக் கிளப்பிவிட்டார்கள். அந்த நடிகர் ரொனால்ட் ரீகன். நவம்பரில் பிரவுனை ஏறக்குறைய பத்து லட்சம் ஓட்டில் தோற்கடித்தார். பலித்த உதாரணமும் இல்லாமல் இல்லை. 2022-ல் மிச்சிகன் 3-வது தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் பிரசாரக் குழுவே விளம்பரம் கொடுத்து, குடியரசுக் கட்சிப் பிரைமரியில் அப்போதைய உறுப்பினர் பீட்டர் மெயரை எதிர்த்த ஜான் கிப்ஸைத் தூக்கிவிட்டது. கிப்ஸ் பிரைமரியில் ஜெயித்து நவம்பரில் தோற்றார். பலித்தாலும் பலிக்காவிட்டாலும், அந்தச் சொத்தை ஆள் பதவிக்கு வந்தால் அதில் உங்கள் ஓட்டும் இருக்கும்.

முதல் வகை ஓட்டு எங்கே பலன் தருகிறது என்பதற்கு ஜார்ஜியா 2022 நல்ல பாடம். 2020 ஜனாதிபதித் தேர்தல் முடிவை மாற்ற மறுத்த குடியரசுக் கட்சி மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கர், டிரம்ப் ஆதரித்த ஜோடி ஹைஸை மறுசுற்று இல்லாமலே 52 சதவீதம் வாங்கி வென்றார். முந்தைய ஜனநாயகப் பிரைமரியில் போட்ட பல்லாயிரம் பேர் அந்த முறை குடியரசுக் கட்சிச் சீட்டு வாங்கியிருந்தது வாக்காளர் பதிவேட்டிலேயே தெரிந்தது. பாதியைத் தாண்டினால் போதும் என்ற விளிம்பில் நிற்கும் போட்டிதான் தாண்டுவதற்கு உகந்தது. 30 புள்ளி பின்தங்கியவரைக் காப்பாற்றக் கிளம்பினால் வயோமிங் கதைதான்.

முதல்-இரண்டு முறையில் ஆபத்து வேறு மாதிரி. 2012-ல் கலிபோர்னியாவின் 31-வது தொகுதியில் ஜனநாயகக் கட்சி சார்பில் நான்கு பேர் நின்று ஓட்டைப் பிரித்துக்கொண்டார்கள். நவம்பர் சீட்டில் மிஞ்சியது இரண்டு குடியரசுக் கட்சிக்காரர்கள், அதுவும் ஜனநாயகக் கட்சி பலமாக இருந்த தொகுதியில். அப்படிப்பட்ட இடத்தில் அடுத்த கட்சிக்காரருக்குப் போடும் முன் உங்கள் பக்கத்து ஆள் முதல் இரண்டுக்குள் வருவாரா என்று பாருங்கள்.

போட்ட பிறகு

நியூ ஹாம்ப்ஷயரில் கட்சி சேராதவர் சீட்டு வாங்கியதும் அந்தக் கட்சிக்காரர் ஆகிவிடுவார். சாவடியை விட்டு வெளியே வரும்போதே ஒரு அட்டையில் கையெழுத்திட்டால் பழையபடி சேராதவர். அந்த மேசையைத் தாண்டி நேரே காருக்குப் போய்விடுகிறவர்கள் அடுத்த பிரைமரியில் மாட்டிக்கொள்வார்கள். அந்த மாநிலத்தில் 2024 ஜனவரி 23 பிரைமரிக்குக் கட்சி மாறும் கெடு 2023 அக்டோபர் 6-லேயே முடிந்துவிட்டது. நியூ ஜெர்ஸியில் அன்றைக்குச் சொன்ன கட்சி அப்படியே ஒட்டிக்கொள்ளும். விலகத் தனிப் படிவம். மாசசூசெட்ஸில் இந்தத் தொல்லை இல்லை, எந்தச் சீட்டு வாங்கினாலும் சேராதவர் சேராதவரே. டெக்சாஸில் அந்த ஆண்டோடு முடிந்துபோகும். ஆனால் அந்த ஆண்டுக்குள் மற்றக் கட்சியின் மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போகவோ, சுயேச்சை வேட்பாளரின் மனுவில் கையெழுத்திடவோ முடியாது.

பதிவாகும் மாநிலங்களில் நீங்கள் எந்தக் கட்சிச் சீட்டு வாங்கினீர்கள் என்பது பிரசாரக்காரர்கள் கையில் கிடைக்கும் தகவல். தேர்தல் முடிந்த கையோடு எதிர்க்கட்சியின் நன்கொடைக் கடிதமும் குறுஞ்செய்தியும் வந்து குவியும். உள்ளூர்க் கட்சி அமைப்பில் இருப்பவர்கள், பதவிக்கு நிற்க நினைப்பவர்கள் இதை யோசித்துவிட்டுத் தாண்டுங்கள். எதிராளி அந்தப் பதிவை எடுத்துத் துண்டறிக்கையில் போடுவது சகஜம்.

சென்னையிலோ கோவையிலோ வந்து குடியேறிவிட்ட அமெரிக்கக் குடிமக்களுக்கும் இந்த ஓட்டு உண்டு. கடைசியாக வாழ்ந்த மாநிலத்தின் விதிகள்தான் பொருந்தும். வெளிநாட்டு வாக்காளருக்கான கூட்டாட்சி அஞ்சலட்டை விண்ணப்பத்தை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் புதிதாக அனுப்புங்கள். அதில் பிரைமரிக்கான கட்சி என்று ஒரு இடம் இருக்கிறது. டெக்சாஸ் மாதிரி மாநிலம் என்றால் வேண்டிய கட்சியை அங்கே எழுதினால் போதும். புளோரிடா மாதிரி மூடிய மாநிலம் என்றால் அங்கே எழுதுவது பதிவேட்டில் இருப்பதோடு பொருந்த வேண்டும், கட்சி மாற்றமும் அதே கெடுவுக்குள் நடந்திருக்க வேண்டும். கூட்டாட்சிப் பதவிகள் இடம்பெறும் தேர்தலுக்கு 45 நாள் முன்பே சீட்டு அனுப்பிவிடுவார்கள். மின்னஞ்சலில் பெறும் கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள். தபாலை நம்பினால் மார்ச் பிரைமரிச் சீட்டு ஏப்ரலில் வந்து சேரலாம்.